வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா? சாவியைத் திருப்பும் முன் தெரிய வேண்டியவை

டிவியில் 'ரெட் அலர்ட்' என்று ஓடத் தொடங்கினால் சென்னை வேளச்சேரி மக்கள் முதலில் செய்யும் வேலை, காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுவதுதான். 2024 அக்டோபரில் பாலத்தின் ஓரமாக வரிசைகட்டி நின்ற கார்களின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 2015 வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் அது.

பாலத்தில் இடம் கிடைக்காதவர்கள் நிலை? "அதான் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே, பாத்துக்கலாம்" என்று வீட்டு வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் வண்டி ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பல நேரங்களில் லட்ச ரூபாய் நஷ்டம் தொடங்குவதே அந்த நொடியில்தான். மழையில் நனைந்ததால் வந்த நஷ்டத்தை விட, நனைந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த நஷ்டம் பெரிது.

ஏன் அப்படி? இன்ஷூரன்ஸ் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது? கார் லோன் இன்னும் முடியவில்லை என்றால் அந்தப் பணம் யார் கைக்குப் போகும்?

ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்?

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும்தான் இருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும். ஆனால் தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் தண்ணீரில் முட்டி நின்றுவிடும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் உடைந்தே போகும். மெக்கானிக்குகள் 'இன்ஜின் லாக் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று பெயர்.

இதில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கு வேறு. வெள்ளம் புகுந்து சீட், வயரிங், கார்பெட் எல்லாம் வீணானது நேரடி சேதம். அது பாலிசியில் வரும். ஆனால் தண்ணீர் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது, வெள்ளத்துக்குப் பிறகு நடந்த 'பின்விளைவு சேதம்'. வழக்கமான ஃபுல் இன்ஷூரன்ஸில் பின்விளைவு சேதத்துக்கு இடமில்லை. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்கும். அதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனைகள் மாறும்.

ஆகவே டயருக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற காரைத் தொட வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம், வயரிங் போய்விடும். தண்ணீர் எந்த அளவு வரை நின்றது என்று தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்துவையுங்கள். கதவில் படிந்த சேற்றுக்கோடு கூட ஆதாரம்தான், அதை உடனே கழுவிவிட வேண்டாம். நிறுவனத்தின் ஆப்பிலோ டோல்ஃப்ரீ எண்ணிலோ தகவல் சொல்லி, க்ளெய்ம் எண்ணை வாங்கிய பிறகு, வண்டியை டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலாம். வழக்கமான பாலிசி வாசகத்தில் டோ செய்யும் செலவுக்கு 1,500 ரூபாய் வரைதான் உண்டு. வெள்ள நாளில் அந்தப் பணத்துக்கு கிரேன் வண்டி கிடைப்பது கஷ்டம் என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' கவர் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தலைவலி கொஞ்சம் குறையும்.

"3 வருஷ இன்ஷூரன்ஸ் போட்டாச்சு" - பெரிய குழப்பம் இதில்தான்

கார் இன்ஷூரன்ஸில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று தேர்டு பார்ட்டி. உங்கள் கார் மோதி இன்னொருவர் இறந்தாலோ, காயமடைந்தாலோ, அவருடைய பொருள் சேதமானாலோ தரப்படும் இழப்பீடு இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய்.

இன்னொரு பாகம் ஓன் டேமேஜ், அதாவது சொந்தக் காருக்கு ஏற்படும் சேதம். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழுவது எல்லாம் இதில்தான் அடங்கும். இது கட்டாயமில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அதுதான் 'காம்ப்ரிஹென்சிவ்', பேச்சு வழக்கில் ஃபுல் இன்ஷூரன்ஸ்.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு 3 ஆண்டுகளுக்கும், புதிய டூவீலருக்கு 5 ஆண்டுகளுக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஷோரூமில் கார் எடுக்கும்போது "3 வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் போட்டாச்சு சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த 3 வருடம் தேர்டு பார்ட்டிக்கு மட்டும். உங்கள் காருக்கான ஓன் டேமேஜ் பாகம் பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் போடப்பட்டிருக்கும். இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்க மறந்தால், போலீஸ் நிறுத்தினால் காட்ட பேப்பர் இருக்கும், அபராதம் வராது. ஆனால் வீட்டு வாசலில் கார் மூழ்கினால் ஒரு ரூபாய் கூட வராது.

இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு முடிவுத் தேதிகள் அச்சாகியிருக்கும். 'ஓடி' என்று போட்டிருக்கும் தேதிதான் உங்கள் காரைக் காப்பாற்றும் தேதி. 2019 செப்டம்பர் முதல் அந்த ஓடி பாகத்தை மட்டும் தனியாக, வேறு நிறுவனத்திடம் கூட வாங்கிக்கொள்ளலாம்.

தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் பேரம் பேச முடியாது. அரசு நிர்ணயித்த தொகைதான் எல்லா நிறுவனத்திலும். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியல்படி 1,000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. 1,200 சிசி காருக்கு வரியோடு 4,030 ரூபாய் சொச்சம் வரும். போட்டி, தள்ளுபடி எல்லாம் ஓடி பாகத்தில்தான்.

குறைந்த பிரீமியம் என்றால் எங்கே குறைத்தார்கள்?

ஆன்லைனில் ஒப்பிடும்போது ஒரு நிறுவனம் 9,000 கேட்கும், இன்னொன்று 7,500 கேட்கும். உடனே இரண்டாவதைத் தட்டிவிடுகிறோம். அதற்கு முன் ஐடிவி என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கார் திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாமல் போனாலோ நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகைதான் ஐடிவி. காரின் வயது ஏற ஏற இது இறங்கும். நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் அட்டவணைப்படி, ஷோரூம் விலையில் 6 மாதம் வரை 5 சதவீதம் கழியும். ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம். அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஐடிவியைக் கீழே இறக்கினால் பிரீமியமும் இறங்கும். சில ஆயிரம் மிச்சம் என்று தோன்றும். கார் முழுசாகப் போகும் நாளில் 50,000, 60,000 குறைவாகக் கைக்கு வரும்போதுதான் அந்த மிச்சம் யாருக்கு என்று புரியும். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் 'டோட்டல் லாஸ்' என்று கருதப்படும். வெள்ளத்தில் டேஷ்போர்டு வரை மூழ்கிய பழைய கார்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வந்து விழுகின்றன.

லோன் இருக்கும்போது பணம் யாருக்கு?

வங்கிக் கடனில் வாங்கிய காரின் ஆர்சி புத்தகத்திலும் பாலிசியிலும் வங்கியின் பெயர் இருக்கும். ஹைப்போதிகேஷன் என்பார்கள். சின்னச் சின்ன ரிப்பேருக்கு இது தடையில்லை, பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். ஆனால் டோட்டல் லாஸ், திருட்டு என்றால் முதல் உரிமை வங்கிக்குத்தான். பாக்கிக் கடனை எடுத்துக்கொண்டு, மீதி இருந்தால்தான் உரிமையாளருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷோரூம் விலை 8 லட்சம் உள்ள 1,200 சிசி கார். 7.2 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம். மாதத் தவணை சுமார் 11,584 ரூபாய். மூன்றரை வருடம், அதாவது 42 தவணை ஒழுங்காகக் கட்டியாயிற்று. கட்டிய பணம் 4 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல். ஆனாலும் பாக்கி அசல் சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் இருக்கும், ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரிய பங்கு வட்டிக்கே போய்விடுவதால்.

இந்த நேரத்தில் கார் மூழ்கி டோட்டல் லாஸ் ஆகிறது. 40 சதவீதம் கழித்தால் ஐடிவி 4.8 லட்சம். வங்கி எடுத்தது போக மிச்சம் 64,000. அதிலும் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். கையில் 63,000 ரூபாய், கார் இல்லை. பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியை 4 லட்சமாகப் போட்டிருந்தால்? கார் இல்லாமல் போனதோடு, வங்கிக்கு மேலும் சுமார் 17,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். 'க்ளெய்ம் வரும்வரை இஎம்ஐ நிறுத்திடலாம்' என்று நினைப்பதும் ஆபத்து. காப்பீட்டு நிறுவனம் தாமதித்தாலும் தவணை தவறினால் அபராதக் கட்டணமும், சிபில் ஸ்கோர் அடியும் உங்களுக்குத்தான்.

இந்த இடைவெளியை நிரப்ப 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் கவர் இருக்கிறது. வாங்கிய விலையை ஒட்டிய தொகை கிடைக்கும். பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்குத்தான் தருகிறார்கள். சிறிய முன்பணம், நீண்ட தவணை என்று கார் எடுப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கவர் இது.

இன்னொன்று. கடன் தரும் வங்கியோ ஷோரூமோ சொல்லும் நிறுவனத்தில்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே விலை விசாரித்துவிட்டுப் போனால், "அதே ரேட்டுக்கு நாங்களே தர்றோம்" என்று ஷோரூமே இறங்கி வருவதும் உண்டு. கடன் முடிந்ததும் வங்கியிடம் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் வங்கியின் பெயரை நீக்க வேண்டும். அப்படியே பாலிசியிலும் நீக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள், கடன் முடிந்து பல வருடம் கழித்து க்ளெய்ம் நேரத்தில் மூடிப்போன கிளையைத் தேடி அலைவார்கள்.

பில் 39,000, வந்தது 28,000. ஏன்?

விபத்தில் முன்பக்கம் அடி. 8,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பர், 6,000 ரூபாய் பிளாஸ்டிக் ஹெட்லைட், 12,000 ரூபாய் பானட், 7,000 ரூபாய் முன்கண்ணாடி, லேபர் 6,000. மொத்தம் 39,000.

பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி போன்றவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆக பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 3,000 போச்சு. இரும்பு பாகங்களுக்கு வயதைப் பொறுத்து. நான்காவது வருடத்தில் 25 சதவீதம், எனவே பானட்டில் 3,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, லேபருக்கும் இல்லை. கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 11,000 ரூபாய் உங்கள் பாக்கெட்டில் இருந்து. பெயிண்ட் செலவு வந்தால் அந்தப் பொருளுக்கும் 50 சதவீதம் கழியும்.

'ஜீரோ டெப்' கவர் இருந்தால் இந்தத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், 1,000 ரூபாய் மட்டும் போகும். பிளாஸ்டிக் பாகம் நிறைந்த இன்றைய கார்களுக்கு முதல் ஐந்து வருடம் இது உண்மையிலேயே உதவும். வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்று சில நிறுவனங்கள் எண்ணிக்கை வைத்திருப்பதை மட்டும் படித்துவிடுங்கள்.

சின்ன கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போட வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் ஓடி பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50 சதவீதம். என்சிபி என்பது இதுதான். ஓடி பிரீமியம் 9,000, அடுத்த ஆண்டு 50 சதவீதத் தள்ளுபடி கிடைக்க வேண்டியவர், 3,500 ரூபாய் கீறலுக்கு க்ளெய்ம் போட்டால் அதிகபட்சம் 2,500 வரும். ஆனால் 4,500 ரூபாய் தள்ளுபடி போய்விடும், மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஏற வேண்டும். அந்தக் கீறலை கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

என்சிபி காருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். காரை விற்கும்போது சான்றிதழ் வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் வாங்கும் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் காலி.

பழைய கார் வாங்குபவர்களும் கவனிக்க. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி பாகம் தானாக மாறிவிடும், ஓடி பாகம் மாறாது.

பணம் கட்டியாச்சா, போய்ச் சேர்ந்ததா?

காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்வது எளிமையானது: பிரீமியம் வந்து சேராமல் பாலிசி பொறுப்பு தொடங்காது. செக் பவுன்ஸ் ஆனாலோ, கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் தோற்றாலோ, கையில் பாலிசி நகல் இருந்தும் பயனில்லை. ஆட்டோ டெபிட்டில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வரும் நாளில் பேலன்ஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் வரும் போன்களில் போலிகளும் உண்டு. "இன்னிக்கு கட்டினா பாதி விலை" என்று சொல்லி தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டால் அது மோசடி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ யாருக்கும் போன் செய்து பாலிசி விற்பதில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் கட்டுங்கள். கட்டிய சில நாளில் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே 1930-க்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும். 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தவறில்லாமல் பணம் போயிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் நஷ்டம் அவருக்கு இல்லை. ஓடிபியை அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் அவர் தலையில். தகவல் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

க்ளெய்மை மறுத்தால்?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, சொந்த உபயோக காரை வாடகைக்கு விட்டது போன்ற காரணங்கள் என்றால் தப்பிப்பது கடினம். மற்றபடி, எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜின் க்ளெய்ம் என்றால் சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். ஸ்டார்ட் செய்ததால்தான் சேதம் என்று அதில் எதை வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நீங்கள் எடுத்து வைத்த போட்டோக்கள் அப்போது பேசும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். அடுத்து ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளம், அல்லது 155255 என்ற எண். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டைக் கேட்கலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். ஓம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அப்போதும் திறந்தே இருக்கும்.